நான்கு லட்சம் துணுக்குகளும் ஒரு டெஸ்ட் செக்கும்

அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, டாக்டர்களே ஊசி வழியாக நான்கு லட்சம் குட்டிக் குட்டி அடைப்புகளை நுரையீரலுக்குள் அனுப்புகிறார்கள் என்று யாராவது சொன்னால், அந்த ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்பீர்கள். ஆனால் அறுபது வருடங்களாக உலகம் முழுக்க இது நடந்துகொண்டிருக்கிறது. பெர்ஃபியூஷன் ஸ்கேன் என்று பெயர். நுரையீரலில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று அளக்கும் படம். அந்தப் படம் வந்த கதைதான் இந்தப் பதிவு.

பி.காம் படித்துவிட்டு லெட்ஜர் புரட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். விஷயம் என்னிடம் வந்து சேர்ந்தது வங்கிக் கிளையில்தான். மும்பையில் செம்பூர் பக்கம் வேலை பார்க்கிறேன். கூட வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவரின் அம்மா ஊரிலிருந்து ஒன்றரை நாள் ரயிலில் வந்து, இங்கே மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டார். பத்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். சிடி ஸ்கேன் எடுக்கலாம் என்றால் அதற்குச் செலுத்தும் மருந்தை அவர் கிட்னி தாங்காது. அதனால் வேறு ஒரு துறைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

"நியூக்ளியர் மெடிசின்னு போட்டிருக்கு அண்ணாச்சி. அம்மைக்குக் கேன்சர்னு சொல்லாம சொல்லுதாங்களோ?" என்று முகம் வெளிறிப்போய்க் கேட்டார்.

எனக்கென்ன தெரியும்? ஆனால் எங்கள் கிளையில் ஒரு வசதி. பக்கத்தில் அணுசக்தி நகர். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் கணக்குகள் எங்களிடம் நிறைய. நவம்பர் மாதம், ஆயுள் சான்றிதழ் கொடுக்க வரிசை கட்டி நிற்கும் நேரம். அதில் டிராம்பேயில் ஐசோடோப் வேலையிலேயே முப்பது வருடம் கழித்த ஒரு பெரியவர் இருந்தார். அவரை உட்காரவைத்துக் கேட்டோம்.

"கேன்சரும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. உங்க ஆடிட்டர் வந்தா எல்லா வவுச்சரையுமா பாக்கறார்? நாலு கட்டை உருவிப் பாக்கறார் இல்லையா? அந்த டெஸ்ட் செக்தான் இது. ரத்தத்துக்குப் பண்றாங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் சில வாரங்கள் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

*

பழங்கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இதயத்தின் வலது பக்கத்திலிருந்து ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடது பக்கத்துக்குப் போகிறது, நடுச்சுவரில் ஓட்டை எதுவும் இல்லை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-நஃபீஸ் எழுதிவிட்டார். டமாஸ்கஸ் பக்கத்தில் பிறந்து கெய்ரோவில் வைத்தியம் பார்த்தவர். ஆயிரம் வருடம் கோலோச்சிய கேலன் சொன்னதற்கு நேர் எதிரான கருத்து இது. 1628-ல் வில்லியம் ஹார்வி ரத்த ஓட்டம் முழுவதையும் விளக்கினார். அவர் கண்ணுக்குச் சிக்காத நுண்குழாய்களை 1661-ல் மால்பிகி தவளையின் நுரையீரலில் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தார். ஆக, ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பது தெரிந்தாயிற்று. எவ்வளவு போகிறது, எவ்வளவு நேரத்தில் போகிறது என்பதை உயிரோடு இருக்கும் மனிதனிடம் அளக்க இன்னும் இருநூற்று அறுபது வருடங்கள் ஆயின.

அதைச் செய்தவர் பாஸ்டனில் ஹெர்மன் பிளம்கார்ட் என்ற முப்பது வயது டாக்டர். 1925-ல் ஆரம்பித்து 1927-ல் முடிவுகளை வெளியிட்டார். அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளியது. ஒரு கையில் செலுத்தும் பொருள் இன்னொரு கைக்கு வந்துசேர எத்தனை விநாடி? கைச் சிரையிலிருந்து கிளம்பினால் வலது இதயம், நுரையீரல், இடது இதயம், அப்புறம்தான் மறு கை. குறுக்கு வழி கிடையாது. ஆகவே இதயமும் நுரையீரலும் எப்படி வேலை செய்கின்றன என்பது அந்த விநாடிக் கணக்கில் தெரிந்துவிடும்.

செலுத்தும் பொருளுக்கு அவர் விதித்த நிபந்தனைகளைப் பார்த்தால் நம் கடன் விண்ணப்பங்களுக்குப் போடும் நிபந்தனை மாதிரி இருக்கும். உடம்புக்குத் தீங்கு செய்யக்கூடாது. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் பொருளாக இருக்கக்கூடாது. வந்துசேர்ந்த கணமே தெரிய வேண்டும். வேலை முடிந்ததும் சீக்கிரம் மறைந்துவிட வேண்டும். இதற்கெல்லாம் பொருந்தி வந்தது ரேடியம்-சி என்று அப்போது அழைக்கப்பட்ட கதிரியக்கப் பொருள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். மறு கையின் அருகே ஒரு மேக அறையை வைத்தார். கதிர் பட்டால் ஆவியில் கோடு விழும் கண்ணாடிப் பாத்திரம் அது. ஆரோக்கியமானவர்களுக்குச் சராசரியாக 18 விநாடி ஆனது. இதயம் பலவீனமானவர்களுக்கு அதைவிட நிறைய நேரம். மனிதனின் நோயை அறியக் கதிரியக்கத்தைப் பயன்படுத்தியது இதுதான் முதல் தடவை என்று சொல்கிறார்கள். அணுகுண்டுக்கு இருபது வருடம் முந்தைய சங்கதி இது. நியூக்ளியர் என்றதும் ஹிரோஷிமா ஞாபகம் வருகிறவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் பிளம்கார்ட் அளந்தது மொத்த நேரத்தைத்தான். நுரையீரலின் எந்த மூலைக்கு ரத்தம் போகவில்லை என்று அதில் தெரியாது. அது தெரிய வேண்டிய அவசியம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது.

*

காலில் உள்ள ஆழமான சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாகி, அது பிய்த்துக்கொண்டு மேலே போய் நுரையீரல் குழாயை அடைத்துவிடும் என்று 1840களில் சொன்னவர் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்க்கோவ். எம்பாலிசம் என்ற பெயரும் அவர் கொடுத்ததுதான். ஆபரேஷனுக்குப் பிறகு படுத்தே இருப்பவர்களுக்கும், பிரசவமானவர்களுக்கும், வெகுநேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது வரலாம். 1940-ல் லண்டன்மேல் குண்டு விழுந்தபோது ஜனங்கள் இரவு முழுவதும் பதுங்கிடங்களில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தே தூங்கினார்கள். அந்த மாதங்களில் நுரையீரல் அடைப்பால் ஏற்பட்ட மரணங்கள் முந்தைய வருடத்தைவிடச் சுமார் ஆறு மடங்கு கூடியதைப் பிரேதப் பரிசோதனை செய்த கீத் சிம்ப்ஸன் கவனித்து எழுதினார். நாற்காலியின் விளிம்பு தொடையின் பின்பக்கத்தை அழுத்தியதும் ஒரு காரணம் என்றார். (வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்கு ஒன்றரை நாள் ரயிலில் போய்வரும் நாம், நடுவில் எழுந்து நாலு பெட்டி நடந்துவிட்டு வருவது நல்லது.)

இந்த நோயின் பெரிய கஷ்டம் அதைக் கண்டுபிடிப்பதுதான். மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், படபடக்கும். மாரடைப்பும் அப்படித்தான் இருக்கும், நிமோனியாவும் அப்படித்தான். எக்ஸ்ரே பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. நிச்சயமாகத் தெரிந்ததெல்லாம் செத்த பிறகு அறுத்துப் பார்த்தபோதுதான்.

அப்படித் தெரியாத நிலையில் என்ன சிகிச்சை கொடுப்பது? 1908-ல் லைப்ஸிக்கில் டிரெண்டலன்பர்க் என்ற சர்ஜன் நெஞ்சைப் பிளந்து கட்டியை எடுத்துப் பார்த்தார். அவருடைய நோயாளிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த ஆபரேஷனில் முதல் ஆள் பிழைத்தது 1924-ல். அதனால் சர்ஜன்கள் கடைசிக் கணம் வரை கத்தியை எடுக்காமல் காத்திருந்தார்கள். 1931-ல் பாஸ்டனில் பித்தப்பை ஆபரேஷன் ஆன ஒரு பெண்ணுக்கு இப்படி அடைப்பு வந்தது. ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டரை நாடி பார்க்க உட்கார வைத்தார்கள். இரவு முழுவதும், மொத்தம் 17 மணி நேரம், பக்கத்தில் உட்கார்ந்து ரத்த அழுத்தம் இறங்குவதைக் குறித்துக்கொண்டே இருந்தார். இனி முடியாது என்ற நிலையில் தலைமை சர்ஜன் நெஞ்சைத் திறந்து ஆறரை நிமிடத்தில் கட்டிகளை எடுத்துவிட்டார். ஆனால் அந்தப் பெண் பிழைக்கவில்லை. அந்த இரவில்தான் ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரம் இருந்தால் என்ன என்ற யோசனை கிப்பனுக்கு வந்தது. 22 வருடம் பாடுபட்டு 1953-ல் அதை மனிதருக்கு வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். இன்றைக்கு நம்மூரில் பைபாஸ் ஆபரேஷனில் ஓடும் இயந்திரத்தின் தாத்தா அதுதான்.

அடுத்தது மருந்து. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் 1930களின் கடைசியிலேயே வந்துவிட்டது. ஆனால் அதனால் உயிர் பிழைக்கிறதா என்று முறையாகச் சோதித்தது 1960-ல், இங்கிலாந்தின் பிரிஸ்டலில், பாரிட், ஜோர்டன் என்ற இருவர். மருந்து கொடுக்காத 19 பேரில் 5 பேர் அடைப்பால் இறந்தார்கள். கொடுத்த 16 பேரில் அப்படி ஒருவரும் இல்லை. இதற்குமேல் மருந்தில்லாமல் யாரையும் விட முடியாது என்று சோதனையை நிறுத்தி எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள்.

கணக்குக்காரன் கண்ணுக்கு ஒன்று படும். அந்த 35 பேருக்கும் அடைப்பு இருந்தது என்று எப்படித் தெரியும்? டாக்டரின் அனுமானம்தான். மருந்துக்கு மதிப்பு வந்துவிட்டது, ஆபரேஷனுக்கு இயந்திரமும் வந்துவிட்டது. யாருக்கு எதைக் கொடுப்பது என்பது மட்டும் ஊகத்தில் நின்றது. ஊகம் தப்பினால் இரண்டு பக்கமும் ஆபத்து. அடைப்பு இல்லாதவர் நெஞ்சைப் பிளக்கலாம். ஆபரேஷன் ஆன புதுத் தையலோடு இருப்பவருக்கு ஹெப்பாரின் கொடுத்து ரத்தப்போக்கை வரவழைக்கலாம்.

இதயம் வழியாக ரப்பர் குழாயை நுழைத்து நுரையீரல் தமனியில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் ஆஞ்சியோகிராம் இருக்கத்தான் செய்தது. (முதன்முதலில் 1929-ல் அந்தக் குழாயைத் தன் கை வழியாகத் தன் இதயத்துக்கே செலுத்தி, நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட வெர்னர் ஃபோர்ஸ்மன் கதை தனிப் பதிவுக்குரியது.) ஆனால் மூச்சுக்குத் தவிக்கும் நோயாளிக்கு நள்ளிரவில் அதைச் செய்ய எத்தனை ஆஸ்பத்திரியால் முடியும்?

*

இங்கேதான் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி வருகிறது. ஹென்றி வாக்னர் அங்கே கதிரியக்க மருத்துவம் பார்த்தவர். டேவிட் சாபிஸ்டன் சர்ஜன். கத்தியை எடுப்பதற்கு முன்னால் அடைப்பு எங்கே என்று தெரிய வேண்டும் என்பது சர்ஜனின் தேவை. மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சலிஸில் ஜார்ஜ் டாப்ளின் என்பவர் மனித ரத்தத்திலேயே உள்ள அல்புமின் என்ற புரதத்தைச் சூடாக்கித் துணுக்குகளாகத் திரளவைத்து, அதில் கதிரியக்க அயோடினை ஏற்றிக்கொண்டிருந்தார். முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு திரள்கிறதே, அதே சமாசாரம்தான். துணுக்கு மிகச் சிறியதாக இருந்தால் கல்லீரல் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் பெரியதாகிவிட்டால் நுரையீரலிலேயே மாட்டிக்கொள்ளும்.

அந்த மாட்டிக்கொள்வதுதான் பரிசோதனையே. உடம்பின் ரத்தம் முழுவதும் நுரையீரல் என்ற ஒரே சல்லடை வழியாகப் போயாக வேண்டும். அதன் கடைசி நுண்குழாய்களின் அகலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 7, 8 பங்கு. துணுக்குகள் 10 முதல் 90 வரை. கைச் சிரையில் செலுத்தினால் வலது இதயத்தில் ரத்தத்தோடு நன்றாகக் கலந்து, நுரையீரலுக்குப் போய், முதல் சுற்றிலேயே சிக்கி நின்றுவிடும். எந்தப் பகுதிக்கு ரத்தம் அதிகம் போகிறதோ அங்கே துணுக்கும் அதிகம், போகாத இடத்தில் துணுக்கே இல்லை. மேலே கருவியை ஓட்டினால் ரத்த ஓட்டத்தின் வரைபடம் கிடைத்துவிடும்.

இதில் என்னை அசத்தியது விகிதாசாரம். நுரையீரலில் இந்தத் துணுக்கு சிக்கக்கூடிய அளவிலான நுண்தமனிகள் சுமார் 30 கோடி என்பது பாடப்புத்தகக் கணக்கு. செலுத்துவது 2 முதல் 5 லட்சம் துணுக்கு. நான்கு லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும் ஆயிரம் குழாய்க்கு ஒன்றரைகூட இல்லை. உடம்புக்கு அது உறைக்கவே உறைக்காது. சில மணி நேரத்தில் துணுக்குகள் சிதைந்து கரைந்துவிடும். ரொம்பக் குறைத்தாலும் ஆகாது. 60 ஆயிரத்துக்குக் கீழே போனால் படம் புள்ளி புள்ளியாகிவிடும், சாம்பிள் போதவில்லை என்று அர்த்தம். எந்த ஆடிட்டரும் இந்த இடத்தில் தலையாட்டுவார். ஏற்கெனவே நுரையீரல் குழாய்கள் பெருமளவு கெட்டுப்போய் அழுத்தம் ஏறியிருப்பவர்கள் விஷயம் வேறு. ஆரம்ப காலத்தில் அப்படிப்பட்டவர்களில் அரிதாக மரணங்களும் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் அவர்களுக்கும், குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள்.

1964-ல் வாக்னர், சாபிஸ்டன் குழுவினர் பெரிய அடைப்புகளை இந்த முறையில் கண்டுபிடித்ததை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். அந்தக் காலக் கருவி நிலத்தில் ஏர் ஓட்டுவதுபோல மார்புக்கு மேலே இடமும் வலமுமாக நகர்ந்து காகிதத்தில் புள்ளி வைக்கும். மூச்சுத் திணறும் நோயாளி அதுவரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். அயோடின் தைராய்டில் போய்ச் சேராமலிருக்க முன்னாலேயே சாதாரண அயோடின் மருந்தைக் குடிக்கவைப்பார்கள். ஆஞ்சியோகிராமோடு ஒப்பிட்டால் அதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை.

நோயாளியைப் படுக்கவைத்துத்தான் ஊசி போடுவார்கள். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் 1960 வாக்கில் ஜான் வெஸ்ட், காலின் டாலரி இருவரும், 2 நிமிடத்தில் பாதியாகிவிடும் கதிரியக்க ஆக்ஸிஜன் கலந்த கரியமில வாயுவை ஒரு வாய் சுவாசிக்கவைத்தார்கள். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே சைக்ளோட்ரான் இருந்ததால்தான் அது முடிந்தது. மார்புக்கு வெளியே வைத்த கருவியில், வாயு எந்த மட்டத்தில் எவ்வளவு வேகமாக ரத்தத்தோடு போய்விடுகிறது என்று பார்த்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதனின் நுரையீரல் உச்சிக்கு ரத்தம் சொற்பம்தான், அடிப்பகுதிக்கு ஏராளம் என்று தெரிந்தது. நம் மாடி வீட்டுக் குழாய்த் தண்ணீர் கதைதான். அதே வெஸ்ட் 1960-61 குளிர்காலத்தில் ஹில்லரியின் குழுவோடு இமயமலையில் 5,800 மீட்டர் உயரத்தில் ஒரு வெள்ளிக் குடிசையில் மாதக்கணக்கில் தங்கி மூச்சை அளந்தார் என்பது கூடுதல் தகவல்.

*

பெர்ஃபியூஷன் படத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. ரத்தம் போகாத இடத்தைக் காட்டும், ஏன் போகவில்லை என்று சொல்லாது. நுரையீரலின் ஒரு பகுதிக்குக் காற்று வரவில்லை என்றால் அந்தப் பகுதி தன் ரத்தக் குழாயைத் தானே சுருக்கிக்கொள்ளும். வியாபாரம் நடக்காத கடைக்கு வங்கி லிமிட்டைக் குறைக்கிற மாதிரி. 1946-ல் ஸ்வீடனின் ஃபான் ஆய்லரும் லில்யஸ்ட்ராண்டும் பூனைகளில் கண்டுபிடித்தது இது. ஆகவே ஆஸ்துமாவிலும் நிமோனியாவிலும்கூட ரத்தப் படத்தில் ஓட்டை தெரியும். தீர்வு, காற்றையும் படம் எடுப்பது. 1962-ல் கனடாவின் மான்ட்ரியலில் கதிரியக்க செனான் வாயுவைச் சுவாசிக்கவைத்து நுரையீரலின் பகுதி பகுதியாக அளந்து காட்டினார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காற்றும் இல்லை ரத்தமும் இல்லை என்றால் பெரும்பாலும் வேறு நோய். காற்று இருக்கிறது, ரத்தம் இல்லை என்றால் அடைப்பு. பாஸ் புக்கையும் லெட்ஜரையும் டேலி பண்ணுகிற வேலை.

அயோடினின் இடத்தை 1970களில் டெக்னீசியம் பிடித்தது. ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் சரக்கு. காமர்ஸ் படித்தவர்களுக்கு ரிட்டன் டவுன் வேல்யூ தேய்மானம் என்றால் உடனே புரியும். காலை 6 மணிக்கு 100 என்றால் நண்பகலில் 50, மாலை 6-க்கு 25. இவ்வளவு சீக்கிரம் கரைவதை எப்படி ஊர் ஊராக அனுப்புவது? அனுப்புவது அதன் தாயான மாலிப்டினத்தை. அது பாதியாக 66 மணி நேரமாகும். அதை ஒரு குப்பியில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் உப்புநீர் விட்டு டெக்னீசியத்தை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 1950களின் கடைசியில் வந்த ஏற்பாடு. அந்தக் குப்பிக்கு உலகம் முழுக்க வழங்கும் செல்லப்பெயர் மாடு, எடுப்பதற்குப் பெயர் கறப்பது!

நம் டிராம்பேயில் இதை வேறு மாதிரிச் செய்தார்கள். பெரியவர் இந்த இடத்தில் ரொம்ப உற்சாகமாகிவிட்டார். 1956 ஆகஸ்டில் அப்சரா உலை, 1960-ல் சைரஸ். 1961-ல் டெல்லியில் இன்மாஸ், 1963-ல் பரேலில் ரேடியேஷன் மெடிசின் சென்டர் என்று ஆஸ்பத்திரிப் பக்கமும் வளர்ந்தது. ஆனால் நம் உலையில் மாலிப்டினத்தை நேரடியாக நியூட்ரானில் வைத்து எடுத்தால் செறிவு குறைவு, குப்பி முறைக்குச் சரிப்படாது. அதனால் மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற திரவத்தைச் சேர்த்துக் குலுக்கினார்கள். பெயிண்ட், கோந்து வகையறாக்களில் பயன்படும் கரைப்பான்தான். டெக்னீசியம் மட்டும் அதில் ஏறி மேலே வரும். அதைப் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கிவிட்டு, மிஞ்சியதை உப்புநீரில் கரைத்தால் ஊசிக்குத் தயார். இந்தியாவின் பல ஆஸ்பத்திரிகளில் பல வருடங்கள் தினமும் காலையில் இப்படித்தான் நடந்தது. "குலுக்கறது, பிரிக்கறது, காய வைக்கறது. மோர் கடையற மாதிரிதான்" என்றார்.

*

இதெல்லாம் சரி, ஸ்கேன் எவ்வளவு நம்பகமானது? 1990-ல் அமெரிக்காவில் பயோபெட் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 755 பேருக்கு ஸ்கேனோடு ஆஞ்சியோகிராமும் எடுத்து ஒப்பிட்டார்கள். 251 பேருக்கு அடைப்பு இருந்தது. சாத்தியம் அதிகம் என்று ஸ்கேன் சொன்னவர்களில் 88 சதவிகிதம் பேருக்கு உண்மையிலேயே அடைப்பு. ஆனால் அடைப்பு இருந்தவர்களில் 41 சதவிகிதத்தினரைத்தான் ஸ்கேன் அப்படி அடித்துச் சொன்னது. மீதிப் பேரில் பெரும்பாலோர் நடுத்தரம், குறைவு என்று நழுவலான பட்டியலில் இருந்தார்கள். வாராக்கடனை சப்-ஸ்டாண்டர்ட், டவுட்ஃபுல் என்று பிரித்துப் போட்டுவிட்டு முடிவெடுக்காமல் விடுவது போல, டாக்டர்களுக்கு இது எரிச்சலாக இருந்தது.

1992-ல் பிரான்ஸின் லில் நகரிலிருந்து மார்ட்டின் ரெமி-ஜார்டின் குழு, சுழல் சிடி ஸ்கேனில் கட்டியையே நேராகப் பார்க்கலாம் என்று காட்டியது. அடுத்த பத்து, பதினைந்து வருடத்தில் சிடி முதலிடத்துக்கு வந்துவிட்டது. அது நியாயமானதுதான் என்பது என் எண்ணம். வேகம், இரவிலும் கிடைக்கும், வேறு நோய் இருந்தாலும் காட்டும்.

ஆனால் ஸ்கேனின் பலம் அது "ஆம்" சொல்வதில் இருந்ததைவிட "இல்லை" சொல்வதில்தான் இருந்தது. பெர்ஃபியூஷன் படம் முழுக்க ஒரே சீராக நிறைந்திருந்தால் நடைமுறையில் அடைப்பு இல்லை என்றே அர்த்தம், மருந்து வேண்டாம். நெல்லைத் தம்பியின் அம்மாவுக்கு வந்தது அந்தப் படம்தான். இரண்டு நுரையீரலும் இரண்டு கொழுக்கட்டை மாதிரி நிறைவாக இருந்தன. மூச்சு வாங்கியதற்குக் காரணம் ஆபரேஷனுக்குப் பிறகு ஹீமோகுளோபின் இறங்கியிருந்தது. ரத்தம் ஏற்றினார்கள், சரியாயிற்று. கிட்னியும் பிழைத்தது, புதுத் தையலோடு ஹெப்பாரினைத் தொடரவும் வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு இடத்தில் ஸ்கேன் சிடியையே தோற்கடித்தது. சிலருக்குப் பழைய கட்டி கரையாமல் குழாய்ச் சுவரோடு தழும்பாக ஒட்டிப்போய், வருடக்கணக்கில் மூச்சு வாங்கும். வயசாகிவிட்டது, உடம்பு போட்டுவிட்டது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். 2007-ல் லண்டன் ஆய்வு ஒன்றில் இந்த நோயை ஸ்கேன் 96 சதவிகிதத்துக்கு மேல் கண்டுபிடித்தது, அன்றைய சிடி 51 சதவிகிதம்தான். சிடி அதற்குப்பின் நிறைய முன்னேறியிருக்கிறது. ஆனாலும் இந்தச் சந்தேகத்துக்கு முதலில் கேட்கப்படுவது இந்தப் பழைய ஸ்கேன்தான். கண்டுபிடித்தால் ஆபரேஷனில் அந்தத் தழும்பை உரித்தெடுக்க முடியும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

நுரையீரல் புற்றுநோயில் ஒரு பக்கத்தை எடுத்தால் மீதி எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே கணக்குப்போடவும் இதே படம்தான். இடது இத்தனை சதவிகிதம், வலது இத்தனை என்று எண்ணாகவே கொடுத்துவிடும்.

நடுவில் சரக்குத் தட்டுப்பாடும் வந்தது. கனடாவின் சாக் ரிவர் உலை 2009 மே முதல் 2010 ஆகஸ்ட் வரை நின்றது. போதாக்குறைக்கு 2010 பிப்ரவரியில் நெதர்லாந்தின் பெட்டன் உலையையும் பழுதுபார்க்க நிறுத்தினார்கள். உலகின் மாலிப்டினத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு கிழட்டு உலைகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. கனடா உலை 2018-ல் நிரந்தரமாக மூடப்பட்டது.

கடைசியாக, வீட்டில் யாருக்காவது இந்த ஸ்கேனை எழுதிக் கொடுத்தால்: மார்பு எக்ஸ்ரேயைக் கையோடு எடுத்துப் போங்கள், அதையும் வைத்துத்தான் படத்தைப் படிப்பார்கள். கர்ப்பமாக இருந்தால், பால் கொடுக்கும் தாயாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பால் கொடுப்பதைச் சில மணி நேரம் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். ஊசி போடும்போது படுக்கச் சொன்னால் படுத்துக்கொள்ளுங்கள், காரணம்தான் மேலே சொல்லிவிட்டேனே. அப்புறம், சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள். சரக்கு காலையில் கறந்தது, மத்தியானத்துக்குள் பாதியாகிவிடும்.